பழைய குடும்ப போட்டோவ பார்த்து பெயிண்டிங் பண்றது வெறும் காப்பி தானா, இல்ல இறந்தவங்க நினைப்புக்கு அது எதாவது பண்ணுமா?

காப்பி இல்லங்க. எங்க சின்ன அத்தைய வரைஞ்சத வச்சு சொல்றேன்.

அவங்களுக்குன்னு வீட்ல இருக்குறது ஒரே ஒரு போட்டோ தான். 1974ல அப்பாவுக்கு வேலை கிடைச்சப்ப தாத்தா, பாட்டி, அப்பா, அத்தை நாலு பேரும் ஸ்டூடியோல போய் எடுத்துக்கிட்டது, பிளாக் அண்ட் ஒயிட். அடுத்த வருஷமே மஞ்சக்காமாலைல அத்தை போயிட்டாங்க, 19 வயசு. ஹால்ல சாய்ச்சு மாட்டியிருக்குற அந்த படத்த சின்ன வயசுல இருந்து பார்க்குறேன், ஆனா வரைய உக்காந்தப்ப தான் தெரிஞ்சுது நான் அத ஒரு நாளும் ஒழுங்கா பார்த்ததே இல்லன்னு.

செராக்ஸ் எடுத்து அதுல கட்டம் போட்டு (ஒரிஜினல்ல தயவுசெஞ்சு பென்சில் வைக்காதீங்க) ஒவ்வொரு கட்டமா கேன்வாஸ்ல ஏத்திட்டு வந்தேன். அத்தை காதுகிட்ட ஒரு கறுப்பு புள்ளி. கறையா இருக்கும்னு விட்டுட்டேன், பார்த்தா அடுத்த காதுலயும் அதே இடத்துல இருக்கு. பெரிய அத்தைக்கு போன் போட்டு கேட்டா, "அது வேப்பங்குச்சிடா, தோடு அப்போ சேட்டு கடையில இருந்துச்சு, உங்கப்பன் வேலைக்கு பணம் கட்டணும்னு அவ தான் கழட்டிக் குடுத்தா, ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு குச்சி சொருகியிருந்தா"ன்னாங்க. அந்த தோட மீட்கவே இல்லையாம். அப்பா இத எங்ககிட்ட ஒரு தடவை கூட சொன்னதில்ல.

புடவை கலர் கேட்டேன், பெரிய அத்தை அரக்குன்னாங்க, அப்பா மயில்கழுத்துன்னு அடிச்சு சொன்னாரு, எது உண்மைன்னு முடிவு பண்ண நான் யாரு, அதனால சாம்பல் கலர்லயே விட்டுட்டேன். பாட்டியோட வலது கை இருக்குற இடம் ஈரம் பட்டு கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. அப்படி ஒட்டினத பிரிக்காதீங்க, மேல இருக்குற படலம் உரிஞ்சு உருவமே போயிடும், கண்ணாடியோடயே படம் எடுத்துக்கோங்க. அந்த கைய நான் கற்பனை பண்ணி வரையல, வெள்ளையா தான் விட்டிருக்கேன்.

இந்த தைரியம் எனக்கு ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர்கிட்ட இருந்து வந்தது. 1932ல எடுத்த போட்டோ ஒண்ணு, 14 வயசு சித்தி மரியான், முன்னாடி நாலு மாச குழந்தையா அவரு. பின்னாடி சித்திக்கு மனநோய் வந்துச்சு, நாஜிங்க கட்டாயமா கருத்தடை பண்ணி, 1945ல ஆஸ்பத்திரியிலயே பட்டினி போட்டு சாகடிச்சாங்க. 1965ல ரிக்டர் அந்த போட்டோவ வரைஞ்சாரு, பெயிண்ட் ஈரமா இருக்கும்போதே காஞ்ச பிரஷ்ஷால இழுத்து மங்கலாக்கிட்டாரு. முகம் இருக்கு, ஆனா எட்டாது. இல்லாதவங்கள வேற எப்படி வரையறதுன்னு எனக்கு தோணல.

ஆனா அந்த ரெண்டு வேப்பங்குச்சிய மட்டும் நான் மங்கலாக்கல. இருக்குறதுலயே சின்ன பிரஷ், பர்ன்ட் அம்பர்ங்குற அடர் பிரவுன் கலர், காதுக்கு ஒரு புள்ளி.

முடிச்ச அன்னைக்கு சாயங்காலம் அப்பா வந்து நின்னாரு. ரொம்ப நேரம் எதுவும் பேசல. அப்புறம் அத்தை காதுகிட்ட விரல கொண்டு போனாரு, தொடல.

"இன்னும் காயலையா?"ன்னு கேட்டாரு. ஆயில் பெயிண்ட்பா, ஒரு வாரமாவது ஆகும்னு சொன்னேன். சரின்னு தலைய ஆட்டிட்டு உள்ள போயிட்டாரு.