இணையக் கற்றல் தளத்தில் தன்னார்வ மட்டுறுத்துநர் ஆவது எப்படி?

பைத்தான் நிரல்மொழி ஓரளவு தெரியும், நிரல் கற்பவர்களுக்கு உதவும் தளம் ஒன்றில் மட்டுறுத்துநராக (பதிவுகளைக் கண்காணித்து ஒழுங்குபடுத்துபவராக) வேண்டும், எங்கே விண்ணப்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நிரல் எழுதுபவர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் சில ஆண்டுகளாகக் கேள்விகளைத் திருத்தியும் மூடியும் (புதிய பதில் வராமல் நிறுத்தியும்) வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

விண்ணப்பம் கடைசியில்தான் வரும். 2008இல் தொடங்கிய அந்தத் தளத்தில், பெயருக்கு அருகே வைரக் குறி பெற்ற மட்டுறுத்துநர்கள் மிகச் சிலர். பயனர்கள் தேர்தல் வைத்து அவர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள், சம்பளம் கிடையாது. அன்றாட வேலையில் பெரும்பகுதி என்னைப் போன்ற சாதாரணப் பயனர்களுடையது. நம் கேள்வி, பதில்களுக்குப் பிறர் தரும் ஆதரவு வாக்குகளால் புள்ளிகள் சேரும். 15 புள்ளிகள் சேர்ந்தால் தவறான பதிவைப் பற்றிப் புகார் அளிக்கலாம். 2,000 வந்தால் பிறர் பதிவை ஒப்புதலுக்குக் காத்திராமல் திருத்தலாம். 3,000 வந்தால் கேள்வியை மூட வாக்களிக்கலாம். மூன்று வாக்குகள் விழுந்தால் கேள்வி மூடப்படும்; வைரக் குறி உள்ளவருக்கு ஒரே வாக்கு போதும். அவ்வளவு அதிகாரத்தை ஒருவரிடம் கொடுக்கும் முன், அவர் இதுவரை எப்படி நடந்துகொண்டார் என்று மற்றவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள்.

ஆகவே திருத்துவதில் தொடங்குங்கள். எனக்கு மிகவும் பிடித்த வேலையும் அதுதான். புதிதாக வருபவர் 'என் நிரல் ஓடவில்லை' என்று மட்டும் தலைப்பிட்டு, நிரல் முழுவதையும் ஒட்டிவிட்டு, பிழைச் செய்தியைத் தராமல் போயிருப்பார். அதைக் கேட்டு வாங்கித் தலைப்பில் சேர்த்தாலே பதில் வரும் வாய்ப்பு கூடும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை: பைத்தான் நிரலில் வரிகளின் உள்தள்ளலை (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளியை) நீங்களாகச் சரிசெய்யக் கூடாது. அவருடைய பிழையே அங்கே இருக்கலாம்; நீங்கள் அழகுபடுத்தினால் கேள்வியே காணாமல் போய்விடும்.

மூடுவது கடினம். ஏற்கெனவே பதில் உள்ள கேள்வி என்று மூடும்போது, கேட்டவருக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருக்கும். பழைய பதிலில் எந்தப் பகுதி அவருக்கு உதவும் என்றும், கேள்வியைத் திருத்தினால் மீண்டும் திறக்க வழியுண்டு என்றும் இரண்டு வரி எழுதிவிட்டுத்தான் வாக்களிப்பேன். விதியைச் சுட்டிவிட்டு நகர்ந்துவிடுபவர்கள் எத்தனை புள்ளி வைத்திருந்தாலும் இந்தப் பொறுப்புக்கு ஏற்றவர்கள் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

தளம் யாருடையது, விதியை யார் மாற்ற முடியும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். 2022 டிசம்பரில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதிய பதில்கள் வந்து குவிந்தன. நடை சீராக இருக்கும், உள்ளே தகவல் தவறாக இருக்கும். தளம் அவற்றைத் தடைசெய்தது. ஆனால் 2023இல், அப்படிச் சந்தேகத்துக்குரிய பதில்களை மட்டுறுத்துநர்கள் நீக்கும் உரிமையைத் தளத்தை நடத்தும் நிறுவனம் பெரிதும் சுருக்கியது. அந்த ஜூன் மாதம் மட்டுறுத்துநர்கள் பலர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்று நினைக்கிறேன். கற்க வருபவர் தவறான பதிலை நம்பி ஒரு நாளை இழந்தால், அதை ஈடுகட்ட யாரும் வருவதில்லை.

பைத்தான் குறிச்சொல்லில் புதிதாக வரும் கேள்விகளை இன்றே பார்க்கத் தொடங்கலாம். புள்ளிகள் இல்லாவிட்டாலும் திருத்தத்தைப் பரிந்துரைக்க முடியும். மற்றவர்கள் பார்த்து ஏற்பார்கள். நிராகரித்தால் காரணமும் சொல்வார்கள். அதைப் படித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.