குடைக்கு அடியில் படம் எடுங்கள்

கேள்வி: மழை விட்ட வாரம் கொடைக்கானலில் வட்டக்கானல் பக்கம் நடந்தபோது ஐம்பது காளான் படமாவது எடுத்திருப்பேன். செல்போன்தான். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதி மங்கல், மீதி பச்சை சாயம் பூசியது போல இருக்கிறது. தெளிவாக வந்ததைக் காட்டிக் கேட்டாலும் ‘இதை வைத்து இனம் சொல்ல முடியாது’ என்கிறார்கள். மரத்தில் பாசிபோல் ஒட்டியிருக்கும் லைக்கன் படங்களுக்கும் இதே கதை. பெரிய கேமரா வாங்கினால் சரியாகுமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பார்த்தேன். ஆறும் நின்றபடி, மேலிருந்து எடுத்தவை. அங்கிருந்து பார்த்தால் காட்டுக் காளான்களில் பாதி வெறும் பழுப்புப் பொத்தான்தான். ஒரு லட்ச ரூபாய் கேமரா கொடுத்தாலும் பொத்தான் பொத்தானாகத்தான் தெரியும், கொஞ்சம் பளிச்சென்று.

அடையாளம் அடியில் இருக்கிறது. மழைக்குப் பின் புல்தரையில் பெரிய வெள்ளைக் குடையாக, மேலே பழுப்புச் செதிலோடு ஒரு காளான் முளைக்கும். குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ் என்று பெயர். நல்ல காளான் என்று நினைத்துச் சமைத்துவிட்டு வாந்தி, பேதியோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் உலகம் முழுக்க உண்டு. குடைக்கு அடியில் புத்தகத் தாள்களைப் போல நிற்கும் மடிப்புகள் இளசில் வெள்ளையாக இருந்து, முற்ற முற்ற மங்கிய பச்சையாகும். அதன் வித்துத்தூளே பச்சை. மேலிருந்து எடுத்த படத்தில் இது எதுவும் இருக்காது.

அதனால் ஒரு காளானுக்குக் குறைந்தது ஐந்து படம் எடுங்கள்: மேலே, பக்கவாட்டில், அடிப்பக்கம், தண்டு மண்ணைத் தொடும் இடம், அப்புறம் சற்றுத் தள்ளி நின்று அது முளைத்திருக்கும் மரக்கட்டையோ சாணமோ சருகோ தெரியும்படி ஒன்று. அடிப்பக்கத்துக்காகக் காளானைப் பிடுங்க வேண்டாம். பவுடர் டப்பாவில் வருகிற மாதிரி ஒரு சின்னக் கண்ணாடி போதும். குடைக்குக் கீழே சாய்த்து வைத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தின் மேல் ஃபோகஸ் செய்யுங்கள். தண்டின் அடியை எடுக்கும்போது சருகை விரலால் மெல்ல ஒதுக்கிவிட்டு எடுங்கள். சில நச்சுக் காளான்களுக்கு அங்கேதான் கிழிந்த பை போன்ற உறை இருக்கும். புற்றுக்காளானுக்கோ தண்டு வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். படம் எடுத்த பிறகு சருகைத் திரும்ப மூடிவிடுங்கள்.

போனைத் தலைகீழாகப் பிடிப்பது இதில் எனக்குப் பிடித்த தந்திரம். லென்ஸ் போனின் மேல்முனையில் இருப்பதால், தலைகீழாக வைத்தால் அது தரையோடு தரையாக வந்துவிடும். இரண்டு அங்குலக் காளான்கூட மரம்போல் நிமிர்ந்து நிற்கும். மங்கல் வருவதற்கு முக்கால்வாசிக் காரணம் சோலைக்குள் வெளிச்சம் குறைவு, கை ஆடுகிறது. சின்னத் துணிப்பையில் பச்சைப்பயறு நிரப்பி எடுத்துப் போங்கள். போனை அதன்மேல் சாய்த்து வைத்து, மூன்று விநாடி டைமர் போட்டுவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். ரொம்ப நெருங்கினாலும் ஃபோகஸ் பிடிக்காது. ஒரு சாண் தள்ளி வைத்து இரண்டு மடங்கு ஜூம் செய்வது மேல்.

பச்சை சாயம் உங்கள் போனின் கோளாறு அல்ல. இலைகளின் ஊடே வடிந்து வரும் வெளிச்சமே பச்சைதான். அதே இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து முதலில் ஒரு படம் எடுத்துக்கொண்டால், பிறகு எடிட் செய்யும்போது தாள் வெள்ளையாகும்வரை நிறத்தைத் திருத்தி, அதே திருத்தத்தை மற்றப் படங்களுக்கும் போடலாம். அந்தத் தாளையே பக்கத்தில் பிடித்தால் இருட்டான பக்கத்துக்கு வெளிச்சமும் கிடைக்கும். ஃபிளாஷ் வேண்டாம். ஈரமான குடையில் வெள்ளைப் பொட்டுதான் விழும்.

அளவுக்குப் பக்கத்தில் நாணயம் வைத்திருக்கிறீர்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் நம் நாணயங்கள் ஏமாற்றும். 2011 வரிசையில் 2 ரூபாய் 25 மில்லிமீட்டர், 5 ரூபாய் 23. 2019 வரிசையில் அப்படியே தலைகீழ். பள்ளிக்கூட ஸ்கேல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

காளானுக்குக் காத்திருக்கத் தெரியாது. வலைப்பாவாடை கட்டியதுபோல் ஒரு காளான் உண்டு, ஃபாலஸ் இண்டுசியாட்டஸ். விடியற்காலையில் முட்டை போன்ற மொட்டிலிருந்து வெளிவந்து, சில மணி நேரத்தில் வலையை முழுதாக விரித்துவிடும். மதியம் போனால் சோர்ந்து கிடக்கும், நாற்றத்துக்கு ஈ மொய்க்கும். சாப்பிட்டுவிட்டு வந்து எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

லைக்கன் இதற்கு நேர் எதிர். ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சில வகை அதுகூட இல்லை. அடுத்த வருடமும் அங்கேயே இருக்கும். அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் கல்பாசியும் லைக்கன்தான். பூஞ்சையும் பாசியும் ஓருடலாக வாழும் உயிர். காய்ந்திருக்கும்போது சாம்பல் நிறமாக இருப்பது நனைந்தால் பச்சையாகும். மேல்தோல் ஈரத்தில் கண்ணாடிபோலாகி உள்ளிருக்கும் பாசி தெரிவதுதான் காரணம். நீங்கள் எடுத்ததெல்லாம் மழை விட்ட உடனே, அதனால்தான் யாராலும் நிறத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. வெயில் வந்தபின் அதே மரத்துக்குப் போய்க் காய்ந்த நிலையிலும் எடுங்கள். போனைப் பட்டைக்கு இணையாகப் பிடித்து முழுவதும் ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. நெருக்கப் படத்துக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்தால், மேலே உள்ள குட்டிக் கிண்ணங்களும் மாவு தூவியதுபோன்ற புள்ளிகளும் நிழலோடு எழும்பித் தெரியும். அவைதான் முக்கியம். கிளையில் தாடிபோல் தொங்குவது பெரும்பாலும் அஸ்னியா. கீழே விழுந்து கிடக்கும் இழையை மெல்ல இழுத்தால் மேல்தோல் விட்டுப்போய் நடுவே ரப்பர்போல் நீளும் வெள்ளை நூல் தெரியும். அதை ஒரு படம்.

வனத்துறை அனுமதி வேண்டிய இடங்களில் வாங்கிக்கொண்டு போங்கள், பேரிஜம் ஏரிப் பகுதி அப்படித்தான். எதையும் பறித்துப் பையில் போடாதீர்கள். கொடைக்கானலில் குனிந்து காளான் தேடுபவரை ஊர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பதற்குக் காரணம் உண்டு. போதைக் காளான் தேடுகிறார் என்று நினைப்பார்கள், அதை வைத்திருப்பது குற்றம். எந்தக் காளானானாலும் படத்தை அனுப்பி ‘சாப்பிடலாமா’ என்று மட்டும் கேட்காதீர்கள், நான் பதில் சொல்ல மாட்டேன்.

இனி தரையில் படுத்து எடுக்கப் போகிறீர்கள் என்பதால் ஒன்று. அட்டைக்குக் காலுறையில் உப்பு தடவினால் மட்டும் போதாது. சட்டைக் கைப் பட்டனையும் காலரையும் பூட்டிக்கொள்ளுங்கள். கடிப்பது தெரியாது. எனக்கு ஒருமுறை காதுக்குப் பின்னால் ரத்தம் வழிந்துகொண்டிருந்ததை, டீ ஆற்றிக்கொண்டிருந்த கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.