தோழி கணவனிடம் அடிபடுகிறாள், இரண்டு பிள்ளைகள் வேறு. காப்பகத்துக்குப் போகச் சொல்லலாமா? அங்கே என்ன நடக்கும்?

ஒரு பெண்கள் காப்பகத்தில் ஆறு வருடம் இரவு நேரத்தில் போன் எடுத்துப் பேசும் வேலை பார்த்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

காப்பகத்துக்குப் போன் செய்வது வேறு, வீட்டை விட்டுக் கிளம்புவது வேறு. இது தெரியாமலே பலர் மாதக்கணக்கில் அழைக்காமல் இருந்துவிடுகிறார்கள். "நான் இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை, சும்மா பேசலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம். எங்களிடம் பெயர்கூடச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண் எட்டு மாதத்தில் பதினோரு முறை அழைத்தார். பன்னிரண்டாவது முறைதான் "இன்னைக்கு வர்றேன்" என்றார். அதற்குள் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மருந்துச் சீட்டு, வங்கிப் புத்தகத்தின் நகல், மாற்றுச் சாவி, கொஞ்சம் பணம் எல்லாம் ஒவ்வொன்றாக ஒரு பையில் சேர்ந்து, அவர் நம்பிய ஒருவரின் வீட்டுக்குப் போய்விட்டிருந்தன. ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு வேலை முடிந்தது.

"இவ்வளவு அடிக்கிறான், ஏன் இன்னும் அங்கேயே இருக்கிறாள்?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். கிளம்பும் நாளும் அதற்கடுத்த வாரங்களும்தான் உயிருக்கே ஆபத்தான காலம். தன் பிடி நழுவுகிறது என்று தெரிந்ததும் அவன் இன்னும் மூர்க்கமாவான். அது அவளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

தோழியிடம் கட்டாயம் ஒன்று கேளுங்கள்: அவன் எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறானா? அமெரிக்காவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, முன்பு துணைவனால் கழுத்து நெரிக்கப்பட்ட பெண் பின்னர் அவனாலேயே கொல்லப்படும் வாய்ப்பு ஏழு மடங்குக்கும் மேல் என்று காட்டியது. வெளியே ஒரு தடயமும் இல்லாமல் உள்ளே காயம் இருக்கலாம் என்பதால் மருத்துவரிடமும் காட்ட வேண்டும். பதில் ஆம் என்றாலோ, கொன்றுவிடுவேன் என்று மிரட்டியிருந்தாலோ, வீட்டில் துப்பாக்கி இருந்தாலோ, பையெல்லாம் தயாராகட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே அழையுங்கள்.

அப்புறம் செல்போன். அவளுடைய போனில் லொக்கேஷன் பகிர்வு ஓடிக்கொண்டிருக்கலாம், பாஸ்வேர்ட் அவனுக்குத் தெரிந்திருக்கலாம். பிள்ளைகள் விளையாடும் டேப்லெட்டை எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் எல்லாவற்றையும் திடீரென்று அணைத்தால் அவனுக்குச் சந்தேகம் வரும். எதை, எப்போது அணைப்பது என்று காப்பகத்தில் இருப்பவரிடமே கேட்டு முடிவு செய்வது நல்லது.

சரி, உள்ளே என்ன நடக்கும்? வந்த இரவில் யாரும் குடைந்து குடைந்து கேட்க மாட்டார்கள். படுக்க ஓர் இடம், பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மாற்றுத்துணி, தூக்கம். மறுநாள் ஓர் ஆலோசகர் உட்கார்ந்து, ஆபத்து எவ்வளவு, நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு வேண்டுமா, பள்ளிக்கு என்ன சொல்வது என்று பேசுவார். பெரும்பாலான காப்பகங்களில் முகவரி ரகசியம். பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது என்பார்கள், அந்த விதி பலரை அழவைத்திருக்கிறது. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் பதின்வயதுப் பையன்களைச் சில இடங்களில் எடுப்பதில்லை, அதை முன்கூட்டியே கேளுங்கள். முதல் வாரங்களில் ஐந்து வயதுப் பிள்ளை மறுபடியும் படுக்கையை நனைக்கும், அம்மாவின் முந்தானையை விடாது. பயப்பட வேண்டாம், அது அடங்க நாளாகும்.

இடமில்லை என்றும் பதில் வரலாம். அப்படிச் சொல்ல வேண்டிவந்த இரவுகளை என்னால் மறக்க முடியவில்லை. பத்தாயிரம் பேருக்கு ஒரு குடும்பம் தங்கும் இடமாவது வேண்டும் என்பது ஐரோப்பிய நாடுகளின் மனித உரிமை அமைப்பான ஐரோப்பிய கவுன்சில் வைத்திருக்கும் அளவு, பல நாடுகள் அதைக்கூட எட்டவில்லை. இடமில்லை என்றால் போனை வைத்துவிடாமல், வேறு எங்கே கேட்கலாம் என்று கேட்க வேண்டும்.

இன்னொரு கவலை, காப்பகத்துக்குப் பிறகு எங்கே போவது என்பது. தங்கும் காலம் சில வாரமோ சில மாதமோதான். அடுத்து வாடகைக்கு வீடு, முன்பணம், வேலை. இதெல்லாம் அமையாமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. நான் பார்த்த பலரை இழுத்துச் சென்றது கணவன் மேல் இருந்த பாசமில்லை, வாடகை. அமெரிக்காவில் 2,282 வீடற்ற குடும்பங்களை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், நீண்டகால வாடகை உதவி கிடைத்த குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது வெகுவாகக் குறைந்தது. துணைவரின் வன்முறையும் அந்தக் குடும்பங்களில் குறைந்தது. அதனால் முதல் வாரத்திலேயே வாடகை உதவிக்கும் இடைக்கால வீட்டுக்கும் மனுப் போடச் சொல்லுங்கள், வரிசை நீளமாக இருக்கும்.

ஒருவேளை அவள் திரும்பிப் போனாலும் திட்டாதீர்கள். இரண்டாவது முறை, மூன்றாவது முறை வந்தவர்களையும் நாங்கள் சேர்த்துக்கொண்டோம்.

இப்போதைக்கு உங்கள் வீட்டில், உங்கள் போனிலிருந்து அவளைப் பேசவிடுங்கள், அவள் போனில் அழைப்பின் தடயம் இருக்காது. அவளுக்குப் பேசத் தயக்கம் என்றால் நீங்களே அழைத்துக் கேட்கலாம். தோழிக்காக, அக்காவுக்காக, பக்கத்து வீட்டுக்காரிக்காக என்று எத்தனையோ பேர் என்னிடம் பேசியிருக்கிறார்கள்.