பூவாளியை எடுக்கும் முன்: ஃபியூஷியா பூச்செடி கேள்வி-பதில்

குன்னூர் வாசகி: தினமும் தண்ணீர் விட்டும் செடி துவண்டு தொங்குகிறதே?

தினமும் விட்டதுதான் காரணமாக இருக்கும். மதிய வெயிலில் தொங்கிச் சாயங்காலம் நிமிர்ந்தால் பயமில்லை, நிழலுக்கு மாற்றினால் போதும். விடிகாலையிலும் தொங்கி, மண்ணும் ஈரமாக இருந்தால் வேரழுகல். செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்துப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாக, உறுதியாக இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகி, விரலால் இழுத்ததும் மேல்தோல் உறைபோலக் கழன்று வரும். உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் மிஞ்சும். பாதி வேர் அப்படியென்றால் தாய்ச்செடியோடு போராட வேண்டாம். அதில் இன்னும் துவளாத நுனிக்கிளை இருந்தால் விரல் நீளத்துக்கு வெட்டி, புது மணலில் நட்டுவிடுங்கள். பழைய மண்ணை எந்தத் தொட்டியிலும் சேர்க்காதீர்கள். வாடினால் உடனே தண்ணீர் என்று கை தானாகப் போகிறது. முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள்.

கோத்தகிரி வாசகர்: இலைக்கு அடியில் ஆரஞ்சு நிறத் தூள். மேலே மஞ்சள் புள்ளி.

துரு நோய். தேய்த்தால் மஞ்சள்பொடி போல விரலில் ஒட்டும். அதுதான் பூஞ்சாண வித்து, காற்றிலேயே அடுத்த தொட்டிக்குப் போய்விடும். அந்த இலைகளைக் கிள்ளிப் பைக்குள் கட்டி அப்புறப்படுத்துங்கள்; மக்கு உரக் குழியில் போடக் கூடாது. காலையில், வேரடியில் மட்டும் தண்ணீர் விடுங்கள். அப்படியும் பரவினால் மேங்கோசெப் என்ற பூஞ்சாணக்கொல்லியை லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு, இலையின் அடிப்புறம் நனைய அடியுங்கள். புதிதாக வாங்கும் செடியையும் இரண்டு, மூன்று வாரம் தனியே வைத்திருங்கள்.

கொடைக்கானல் வாசகி: மொட்டும் பூவும் அழுகிச் சாம்பல் நிறத்தில் பூசணம். சாம்பல் நோயா?

இல்லை, பெயர்தான் குழப்புகிறது. சாம்பல் நோய் இலைமேல் வெள்ளை மாவு தூவினாற்போல வரும். உங்களுடையது போட்ரைடிஸ் என்ற பூஞ்சாணத்தால் வரும் அழுகல். மூடுபனி நாட்களில் உதிர்ந்த பூ இலைமேல் ஒட்டிக்கிடந்தாலே தொடங்கிவிடும். வாடிய பூவை அன்றன்றே எடுத்து, தொட்டிகளுக்கு நடுவே காற்று போக இடம் விடுங்கள்.

ஊட்டி வாசகர்: ஜனவரியில் ஒரே இரவில் கொழுந்தெல்லாம் கருகிவிட்டது.

நோயில்லை, உறைபனி. இப்போதே வெட்டாதீர்கள். பனிக்காலம் முடிந்ததும் தண்டை நகத்தால் சுரண்டி, பச்சை தெரியும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள்.