பொது சுகாதாரப் பட்டம்: சம்பளம் எவ்வளவு கடனைத் தாங்கும்?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். பள்ளியிறுதி ஆண்டில் இருக்கும் என் மகள், வரும் 2026 இலையுதிர் பருவத்தில் பொது சுகாதாரத்தில் இளநிலைப் பட்டப்படிப்பில் சேரவிருக்கிறாள். எங்கள் மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், சேமிப்பு போக அவள் பெயரில் நான்கு ஆண்டுகளுக்கு 27,000 டாலர் கூட்டாட்சிக் கல்விக்கடன் எடுத்தால் போதும். அவள் விரும்பும் தனியார் பல்கலைக்கழகத்துக்கு, அதற்கு மேல் ஆண்டுக்கு 15,000 டாலர் வீதம் நான் பெற்றோர் கடன் எடுக்க வேண்டியிருக்கும். எனக்கு 53 வயது. இந்தப் படிப்பின் சம்பளம் இத்தனை கடனைத் தாங்குமா?

பதில்: மகளின் பெயரில் வரும் 27,000 டாலரைத் தாங்கும், உங்கள் பெயரில் வரும் 60,000 டாலரைத் தாங்காது என்பதே என் கருத்து.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகத்தின் 2023 மே மாதக் கணக்குப்படி, சமூக சுகாதாரப் பணியாளர்களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் (பாதிப் பேர் இதைவிடக் கூடுதலாகவும் பாதிப் பேர் குறைவாகவும் வாங்கும் தொகை) 48,200 டாலர். சுகாதாரக் கல்வி வல்லுநர்களுக்கு 62,860 டாலர். நோய்ப்பரவலியல் வல்லுநர்களுக்கு 81,390 டாலர். இவற்றில் கடைசி வேலைக்குப் பொதுவாக முதுநிலைப் பட்டம் கேட்பார்கள் என்பதால், இளநிலைப் பட்டத்தோடு வெளியே வருபவர் முதல் இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். அவையும் அனுபவசாலிகளைச் சேர்த்து எடுத்த இடைநிலை. தொடக்கச் சம்பளம் அதைவிடக் குறைவாக இருக்கலாம். மேலும், இத்துறையில் பல பணியிடங்கள் அரசு மானியத்தை நம்பியிருப்பவை. 2025இல் கூட்டாட்சி அரசு சுகாதார மானியங்களைப் பெருமளவில் திரும்பப் பெற்றபோது, மாநில, உள்ளூர் சுகாதாரத் துறைகளில் பலர் வேலை இழந்தார்கள்.

இனி தவணைக்கு வருவோம். 2025-26 கல்வியாண்டில் இளநிலை மாணவர் கடனுக்கு வட்டி 6.39 சதவீதம், பெற்றோர் கடனுக்கு 8.94 சதவீதம். இதே வட்டியில் பத்து ஆண்டுகளில் கட்டி முடிப்பதாக வைத்துக்கொண்டால், 27,000 டாலருக்கு மாதத் தவணை ஏறத்தாழ 305 டாலர் வரும். ஆண்டுக்கு 48,200 டாலர் வாங்குபவருக்கு இது வரிக்கு முந்தைய சம்பளத்தில் 8 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கைக்கு வருவதில் வாடகையும் காப்பீடும் போனாலும் சமாளிக்கலாம். உங்கள் 60,000 டாலருக்கோ மாதம் சுமார் 758 டாலர் ஆகும். படிப்பு முடியும்வரை தவணையைத் தள்ளிவைத்தால் வட்டி ஏறி அது இன்னும் கூடும். கட்டி முடிக்கும்போது உங்களுக்கு 67 வயதாகிவிடும். வேலை கிடைத்ததும் இதையும் தானே கட்டுவதாக மகள் சொல்லக்கூடும். அந்த மனம் பாராட்டத்தக்கது. ஆனால் இரண்டு தவணையும் சேர்ந்தால் அவளுடைய சம்பளத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். சட்டப்படி கடனாளி அப்போதும் நீங்கள்தான்.

பொதுச் சேவைக் கடன் தள்ளுபடியை நம்பலாமா என்ற எண்ணம் உங்களுக்கு எழலாம். அரசிலோ தகுதியுள்ள லாப நோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்துக்கொண்டு, வருமானத்தை ஒட்டிய திட்டத்தில் 120 தவணைகள் கட்டியவருக்கு மீதிக் கடன் தள்ளுபடியாகும். பொது சுகாதாரத்தில் இத்தகைய வேலைகள் நிறையவே உண்டு. எனினும் 2026 ஜூலை 1 முதல் எடுக்கும் பெற்றோர் கடன்களுக்கு வருமானத்தை ஒட்டிய தவணைத் திட்டங்கள் கிடையாது என்பதால், இந்தச் சலுகை உங்கள் கடனுக்குப் பயன்படாது.

முதுநிலைப் படிப்பையும் இப்போதே கணக்கில் சேருங்கள். அதே தேதியிலிருந்து முதுநிலை மாணவர்களுக்கான கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலரோடு நின்றுவிடும். படிப்புச் செலவு முழுவதற்கும் கடன் தந்துவந்த பட்டமேற்படிப்புத் திட்டம் புதியவர்களுக்கு மூடப்படுகிறது. எனவே இளநிலையிலேயே குடும்பத்தின் கடன் வாங்கும் சக்தியைத் தீர்த்துவிடுவது, அவளை நல்ல சம்பளத்துக்குக் கொண்டுபோகும் அடுத்த படியை நாமே அடைப்பதாகிவிடும்.

கல்லூரிகளை ஒப்பிடும்போது கல்வித் துறையின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் முழுக் கல்லூரியின் சராசரியைப் பார்க்காமல், பொது சுகாதாரப் பாடப்பிரிவின் வருமானத்தைத் தேடிப் பாருங்கள். பொறியியல் மாணவர்களின் சம்பளம் கலந்த எண் உங்களுக்கு உதவாது. அந்த வருமானம் கூட்டாட்சி உதவி பெற்றவர்களுடையது மட்டுமே. அங்கே முதலில் தெரியும் கடன் தொகையில் பெற்றோர் கடனும் தனியார் வங்கிக் கடனும் சேர்வதில்லை. கடன் குறைவாகத் தெரியும் கல்லூரியில் பெற்றோர்கள் பெருஞ்சுமை ஏற்றிருக்கக்கூடும் என்பதால், இதை மறக்காமல் கவனியுங்கள்.

எங்கே படித்தாலும் உயிர்ப்புள்ளியியலையும் தரவுப் பகுப்பாய்வையும் ஆழமாகக் கற்று, மாவட்டச் சுகாதாரத் துறையிலோ மருத்துவமனையிலோ பயிற்சிப் பணி செய்யச் சொல்லுங்கள். மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும் தேடும் திறன் அது. மானியம் வறண்ட காலத்திலும் அவளுக்குக் கைகொடுக்கும்.

தனியார் பல்கலைக்கழகத்தை உடனே கைவிடச் சொல்லவில்லை. மாநிலப் பல்கலைக்கழகத்தின் உதவித்தொகைக் கடிதத்தை இணைத்து, நிதியுதவியை மறுபரிசீலனை செய்யுமாறு இந்த வாரமே எழுதுங்கள். பெரும்பாலான கல்லூரிகள் மே 1க்குள் முடிவைக் கேட்கும். அதற்குள் ஆண்டுக்கு 15,000 டாலர் என்ற இடைவெளி, நீங்கள் கடனின்றி மாத வருமானத்திலிருந்தே கட்டக்கூடிய அளவுக்குக் குறையவில்லை என்றால், மாநிலப் பல்கலைக்கழகத்துக்கே முன்பணத்தைக் கட்டிவிடுங்கள்.