வண்டியை விடுதல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கண்நோயைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததை வாசித்த துணிவில் இதை எழுதுகிறேன். எனக்கு வயது 43. பல்லடத்தில் வசிக்கிறேன். 14 கிலோமீட்டர் தொலைவில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியராக இருக்கிறேன். எனக்கு ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்ற, விழித்திரை மெல்ல மெல்லச் சிதையும் நோய் இருப்பது சென்ற மாதம் உறுதியானது. பார்வைப் புலம், அதாவது கண்ணை அசைக்காமல் ஒரே நேரத்தில் தெரியும் பரப்பு, 20 பாகையாகச் சுருங்கிவிட்டது என்றும், இனி இருசக்கர வாகனம் ஓட்டக்கூடாது என்றும் மருத்துவர் சொன்னார். ஆனால் தூரத்தில் நிற்கும் காரின் எண் பலகையை என்னால் தெளிவாகப் படிக்க முடிகிறது. அதனால் பகலில் மட்டும் இன்னமும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பள்ளியில் யாரிடமும் சொல்லவில்லை. மகளை டியூஷனுக்கு அழைத்துப் போவதும் நான்தான். வண்டியையும் விட்டுவிட்டால் வீட்டில் எனக்கு என்ன மதிப்பு இருக்கும்? நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மற்றவற்றைப் பேசுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை அந்த வண்டியை எடுக்காதீர்கள். பகலிலும் வேண்டாம், பக்கத்துத் தெருவரைக்கும் வேண்டாம்.

எண் பலகையைப் படிக்க முடிவதைப் பெரிய ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். ஓட்டுநர் உரிமத்துக்கான படிவத்திலும், 25 மீட்டர் தொலைவிலுள்ள எண் பலகையைப் பகல் வெளிச்சத்தில் அடையாளம் காண முடியுமா என்ற கேள்வி உண்டு. ஆனால் அது விழித்திரையின் நடுவில் அடர்ந்திருக்கும் கூம்புச் செல்களின் வேலை. நம் நோய் முதலில் அழிப்பது, மங்கிய வெளிச்சத்துக்கும் பக்கவாட்டுப் பார்வைக்கும் பொறுப்பான கோல் செல்களை. அதனால்தான் முதலில் மாலைக்கண் வருகிறது, பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழாய்க்குள் பார்ப்பதுபோல ஆகிறது, நடுப்பார்வை மட்டும் பல ஆண்டுகள் கூர்மையாகவே இருக்கவும் கூடும். நல்ல பார்வை உள்ளவருக்கு இரு கண்களாலும் இடமிருந்து வலமாக ஏறக்குறைய 180 பாகை தெரிகிறது. உங்களுக்குத் தெரிவது 20. இதில் கொடுமை என்னவென்றால், இழந்த பகுதி நமக்குக் கறுப்பாகத் தெரிவதில்லை. மூளை அதை இட்டு நிரப்பிவிடுவதால், குறைந்திருக்கிறது என்ற உணர்வே வருவதில்லை. மருத்துவமனையில் பார்வைப் புலத்தை அளக்கும் கிண்ணம் போன்ற கருவிக்குள் பார்த்து, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தியிருப்பீர்கள். அழுத்தாமல் விட்ட புள்ளிகள் எவை என்று உங்களுக்குத் தெரியாது. அவை கறுப்பாக அச்சானது தாளில் மட்டும்தான்.

எனக்கு 38 வயதில் அப்படி ஒரு புள்ளியாக வந்தவர் ஒரு பெரியவர். மதுரை காளவாசல் அருகே, நல்ல வெயில் அடித்த காலை பத்து மணிக்கு, இடப்பக்கச் சந்திலிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்த அவரை, என் முன்சக்கரம் தட்டும்வரை நான் பார்க்கவில்லை. முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து, “கண்ணு தெரியலையாப்பா?” என்று கேட்டார். அதற்கு உண்மையான பதில் என்னிடம் இருந்தது. நான் அதைச் சொல்லாமல், வெயில் கூசிவிட்டது என்றேன். அந்தப் பொய்தான் இன்றும் என்னை உறுத்துகிறது, ஏனென்றால் அதை நானே நம்பி இன்னும் இரண்டு மாதம் வண்டி ஓட்டினேன்.

உங்கள் கடிதத்தில் நோயைவிட அதிகமாக என்னைக் கவலைப்படுத்துவது நீங்கள் மறைத்து வைத்திருப்பதுதான். முழுப் பார்வையின்மையை உலகம் எளிதில் புரிந்துகொள்கிறது. நம் நிலையை அப்படிப் புரிந்துகொள்வதில்லை. செய்தித்தாளின் சிறிய எழுத்தைப் படிக்கிறவர் கூடத்தில் கிடக்கும் முக்காலியில் இடித்துக்கொண்டால், கவனமில்லாதவர் என்கிறார்கள். தெருவில் எதிர்ப்பட்டவரைப் பார்க்காமல் போனால், தலைக்கனம் என்கிறார்கள். நாம் சொல்லாதவரை அவர்கள் அப்படித்தான் நினைக்க முடியும். உங்கள் வகுப்பில் பக்கவாட்டில் கை தூக்கிய பிள்ளையும், ஐயா தன்னை ஏன் கவனிக்கவில்லை என்று குழம்பியிருக்கலாம்.

வேலையைப் பற்றிய அச்சத்துக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆவது பிரிவு, பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை எந்த அரசு நிறுவனமும் பணிநீக்கம் செய்யவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது. செய்துவந்த பணி அவருக்கு இயலாமல் போனால், அதே ஊதிய விகிதத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். பார்வைப் புலம் 40 பாகைக்குக் குறைந்து 10 பாகை வரை இருப்பதை அதே சட்டம் குறைபார்வை என்று வரையறுக்கிறது. எழுத்துகளைப் படிக்க முடிவது அதற்குத் தடையல்ல. புலப் பரிசோதனைத் தாளின் நகலோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். குறைபாடு எத்தனை சதவீதம் என்பதை மருத்துவர் மதிப்பிட்டுச் சான்றளிப்பார். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பல உரிமைகள் பொருந்தும்.

இனிப் பயணம். பேருந்து நிறுத்தத்தில் நிற்கக் கற்றுக்கொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. மிகையாகச் சொல்லவில்லை. வண்டி வைத்திருப்பவர் யாரையும் எதையும் கேட்காமல் வாழப் பழகிவிடுகிறார், அந்தப் பழக்கத்தை விடுவதுதான் கடினம். கேட்பதிலும் ஒரு முறை உண்டு. “இது பல்லடம் போகுமா?” என்று கேட்டால், சத்தத்தில் காதில் விழாதவரும் ஆமாம் என்று தலையசைத்துவிடுவார், அந்தத் தலையசைப்பும் நமக்குத் தெரியாது. “இது எந்த ஊருக்குப் போகிறது?” என்று கேட்டால் அவர் ஊர்ப் பெயரைச் சொல்லியாக வேண்டும். ஏறியவுடன் நடத்துநரிடம் இறங்குமிடத்தைச் சொல்லி, பார்வை குறைவு என்பதையும் அந்த வாக்கியத்திலேயே சேர்த்துவிடுங்கள். உங்கள் பக்கம் டிசம்பரில் ஆறு மணிக்கே இருட்டத் தொடங்கும், ஜூனில் ஆறே முக்காலைத் தாண்டியும் வெளிச்சம் இருக்கும். நான் என் மாலை வேலைகளை மாதத்துக்கு மாதம் இதை வைத்தே ஒதுக்கிக்கொள்கிறேன். பேருந்து இல்லாத இடங்களுக்கு ஆட்டோதான். பெட்ரோல், காப்பீடு, சர்வீஸ், தவணை என்று வண்டிக்குச் செலவிட்டதைக் கூட்டி, அந்தத் தொகையை மாதத் தொடக்கத்திலேயே ஆட்டோவுக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். எனக்கு அது பெரும்பாலும் சரியாக இருந்தது, ஒவ்வொரு பயணத்தையும் வீண்செலவாக எண்ணிக் குமைவதும் நின்றது.

தரையைத் தடவி நடக்க உதவும் வெண்கோலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். முழுவதும் பார்வை போன பிறகுதான் வெண்கோல் என்ற எண்ணத்தில் நான் ஆறு ஆண்டுகளை வீணாக்கினேன். மடக்கிப் பைக்குள் வைக்கக்கூடிய கோலை முதலில் இருட்டிய பிறகு மட்டும் எடுத்தேன், இப்போது நெரிசலில் பகலிலும் எடுக்கிறேன். அது தரையின் பள்ளத்தையும் படியையும் எனக்குச் சொல்வது பாதி வேலைதான். எதிரே வருகிறவருக்கு என்னைப் பற்றிச் சொல்வது மறுபாதி. தொங்கும் பெயர்ப்பலகையையும் நிறுத்திவைத்த லாரியின் பின்பலகையையும் சாதாரணக் கோல் கண்டுபிடிக்காது. அதற்கென ஐஐடி டெல்லியில் உருவாக்கிய, காதுக்குக் கேட்காத மீயொலியால் தடைகளை உணர்ந்து கைப்பிடியில் அதிரும் ஸ்மார்ட்கேன் என்ற கருவியைச் சென்னை நிறுவனம் ஒன்று தயாரிக்கிறது. எந்தக் கோலானாலும் முறையாகப் பயிற்சி பெற்றே பயன்படுத்துங்கள். உதவ வருகிறவர் உங்கள் கையைப் பிடித்து இழுத்தால், அவர் முழங்கையை நீங்கள் பிடித்துக்கொள்வதாகச் சொல்லி, அரையடி பின்னால் நடங்கள். அவர் உடல் திரும்புவதும் படி இறங்குவதும் உங்கள் விரல்களுக்கே தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் செலவு அதிகமில்லை. வெள்ளைத் தட்டில் இட்லி தெரியாது, வாழையிலையில் தெரியும். இதே கணக்கில் படி விளிம்புகளுக்கு மஞ்சள் பட்டை அடியுங்கள், மோரை அடர்நிறக் குவளையில் ஊற்றுங்கள். பணத்தையும் இப்போதே விரலால் பழகுங்கள். புதிய 100 ரூபாய்த் தாளைவிட 200 ரூபாய்த் தாள் நான்கு மில்லிமீட்டர் நீளம், அதைவிட 500 ரூபாய்த் தாள் இன்னும் நான்கு மில்லிமீட்டர். 500இன் இரு ஓரங்களிலும் ஐந்து புடைப்புக் கோடுகள் இருக்கும், 100இல் நான்கு. கீரையும் கேரட்டும் சாப்பிடச் சொல்லி எல்லோரும் வருவார்கள். சாப்பிடுங்கள், நல்ல உணவுதான். ஆனால் வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் வேறு, நம்முடையது வேறு. குணமாக்கித் தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

உங்கள் மகளிடம் இன்று மாலையே சொல்லிவிடுங்கள். என் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. வண்டி போன பிறகும் அவனைப் பள்ளிக்குக் கொண்டுவிட்டது நான்தான், நகரப் பேருந்தில். வரும் பேருந்தின் எண்ணை அவன் உரக்கப் படிப்பான், எந்த எண் எங்கே போகும் என்பதை நான் சொல்லித் தருவேன்.

இன்னொன்று. இது பரம்பரையாக வரும் நோய். என் பெற்றோர் தாய்மாமன் உறவில் மணந்தவர்கள். அத்தகைய மணங்களில் பிறப்பவர்களுக்கு இது வரும் வாய்ப்பு கூடுதல். உறவு மணமோ இல்லையோ, உங்கள் உடன்பிறந்தவர்களையும் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள். என் தங்கைக்கும் இதே நோய் இருப்பது, நான் வீட்டில் என்னுடையதைச் சொன்ன பிறகுதான் தெரியவந்தது. அந்திக்குப் பின் வாசலைத் தாண்டாத அவளைப் பயந்தாங்கொள்ளி என்றுதான் அதுவரை நாங்கள் எல்லோரும் அழைத்துவந்தோம்.

அன்புடன்.