சிமெண்ட் பூச்சுக்குள் கரையும் மண்சுவர்

கேள்வி: அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் பழைய கால்நடைப் பண்ணை ஒன்றை வாங்கியிருக்கிறோம். சுடாத மண்கல்லால் கட்டிய வீட்டின் சிமெண்ட் பூச்சு அடிப்பகுதியில் உப்பி விரிசல் விட்டிருக்கிறது. மரக் கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. பூச்சைப் புதுப்பித்தால் போதுமா?

பதில்: போதாது, மறுபடியும் சிமெண்ட் பூசினால் சேதம் கூடும். களிமண், மணல், வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த கல், தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பின் வழியே வெளியேற்றும் இயல்புடையது. சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதாலும், விரிசல் வழியே புகும் மழைநீர் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குவதாலும், வெளியே உறுதியாகத் தெரியும் சுவர் உள்ளுக்குள் சேறாகிக்கொண்டிருக்கும். உங்கள் மாநிலத்திலேயே ராஞ்சோஸ் தே தாவோஸ் தேவாலயத்துக்கு 1967இல் சிமெண்ட் பூசி, உள்ளே ஈரம் தங்கிச் சுவர்கள் சிதைந்ததால், 1979இல் அதைப் பெயர்த்துவிட்டு மண்பூச்சுக்கே திரும்பினார்கள். இன்றும் ஊரார் ஆண்டுதோறும் கூடி மண் பூசுகிறார்கள்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரை ஒழுகல், உடைந்த மழைநீர்க் குழாய், சுவரை ஒட்டிய பூச்செடிப் பாத்தி, ஆண்டுக்கணக்கில் மேடேறிய மண் ஆகியவைதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். கூரையைச் சரிசெய்து, பாத்தியை அகற்றி, தரை வீட்டைவிட்டு வெளிப்புறமாகச் சரியும்படி மண்ணை வெட்டுங்கள். இதற்கு முன் சுவரில் கைவைப்பது வீண்செலவு.

அடுத்து சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடத்தில் பூச்சு கல்லைவிட்டுப் பிரிந்திருக்கிறது; தரையோரம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் ஈரம் கீழிருந்து ஏறுகிறது. அடியில் சிறு பகுதியை மட்டும் திறந்து பாருங்கள். கல் நனைந்து மெத்தென்றிருந்தால், பூச்சை மேலும் பெயர்க்கும் முன் பொறியாளரின் துணையோடு கூரை விட்டங்களுக்கு முட்டுக்கொடுக்க வேண்டும், ஏனெனில் ஈரமான மண்கல் பாரம் தாங்கும் வலுவை வெகுவாக இழந்திருக்கும். கோடை மழை ஜூலையில் தொடங்கிவிடும் என்பதால், அதற்கு முந்தைய வறண்ட மாதங்களில் பூச்சைப் பகுதி பகுதியாக எடுத்து, சுவரை மெதுவாக உலரவிடுங்கள். சூடேற்றி அவசரமாக உலர்த்தினால் விரிசல் விழும். கரைந்த இடங்களில் அதே தன்மையுள்ள மண்ணால் செய்து நன்கு காய்ந்த கற்களை மண்சாந்து வைத்துக் கட்டி, மேலே மண்பூச்சு கொடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் பூசத்தான் வேண்டும். மழையில் கரைந்து சுவரைக் காப்பதே அதன் வேலை என்பதால், இதை நான் குறையாகக் கருதவில்லை.

கொட்டகைக்கு இவ்வளவு பாடு தேவையிருக்காது. மண்ணில் பதிந்த தூண்களின் அடியைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். உளுத்த பாகத்தை மட்டும் அறுத்து, அதே வகை மரத்தை ஒட்டுப்போட்டு, கீழே கல் தாங்கி வையுங்கள். முழுத் தூணையும் மாற்றினால் பழைய தச்சு வேலையும் அதோடு போய்விடும்.

பண்ணையை விருந்தினர் விடுதியாக நடத்தும் எண்ணம் இருந்தால், எதையும் தொடும் முன் படமெடுத்து வைத்துக்கொண்டு, மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தை அணுகுங்கள். தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடங்களுக்கு, அங்கீகரிக்கப்பட்ட சீரமைப்புச் செலவில் 20 சதவீத மத்திய வரிச்சலுகை உண்டு. நீங்கள் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடைக்காது.